கூடாரத்து வீட்டுக்காரி

ஏராவின் வீட்டில் ஒரு பச்சைக் கூடாரம் இருந்தது. நல்ல கெட்டித் துணி. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். அது உண்மையா பொய்யா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கூடாரம் ஒரு முறைகூடப் பையை விட்டு வெளியே வந்ததில்லை, பாவம்!

மலைக்கே போகவில்லையா என்று கேட்காதீர்கள். போயிருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் காரின் பின்பெட்டியில் ஏறி, ஷ்கோடர் நகரத்திலிருந்து மலைக்குப் போகும். அங்கே யாராவது ஒருவர் இவர்களைப் பார்த்துவிடுவார்.

"என்னது, வெளியில படுக்கப் போறீங்களா? என் வீடு இருக்கும்போதா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வருடம், வழி கேட்கப் போன அப்பாவை ஒரு தேன் விற்பவர் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம், பஞ்சரான டயரை மாற்ற உதவி செய்தவரே குடும்பத்தோடு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் வீட்டுச் சாப்பாடு, அவர் வீட்டு மெத்தை. கூடாரம் பின்பெட்டியிலேயே நன்றாகத் தூங்கிவிட்டு ஊர் திரும்பும்.

பத்து வயது ஏராவுக்கு ஒரே ஓர் ஆசைதான். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, மலைக்காற்று துணியில் படபடவென்று மோதுவதைக் கேட்க வேண்டும். இந்த வருடம் அவள் பொறுமை தீர்ந்துவிட்டது.

"இந்தத் தடவை நான்தான் திட்டம் போடுவேன்," என்று அறிவித்தாள்.

"போடும்மா, போடு," என்றார் அப்பா பாஷ்கிம்.

அம்மா தெயூதா சமையலறை மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தம்பி லேக்கா தலையில் கட்டும் விளக்கை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"முதல் விஷயம், நாம போறத யாருக்கும் சொல்லக் கூடாது," என்றாள் ஏரா. "ரெண்டாவது, வழியில யார் காபி குடிக்கக் கூப்பிட்டாலும் வண்டிய நிறுத்தக் கூடாது."

"ஒரு காபிகூடவா?" அப்பாவின் முகம் வாடிப்போனது.

"காபிக்கு உக்காந்தா சாப்பாடு வரும். சாப்பாடு வந்தா மெத்தை வரும். எனக்குத் தெரியாதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு சொல்றது நெசந்தான்."

"அக்கா, கரடி வந்தா?" மேசைக்கு அடியிலிருந்து லேக்காவின் குரல் வந்தது.

"அந்த ஊர்க் கரடியா?" என்றார் அப்பா. "அதுவும், 'வாங்க வாங்க, எங்க குகையில படுத்துக்கோங்க'ன்னுதான்டா கூப்பிடும்."

எங்கே போவது? மேசையில் சிந்திக் கிடந்த மாவின்மேல் அப்பா விரலால் ஒரு கோடு இழுத்தார். அது சாலை. சாலை போய் முடிகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"இதுதான் லுகினா. இதுக்கு மேல பாதையே கெடையாது. சுத்திலும் மலைதான், நடுவுல புல்வெளி. அப்படி ஒரு இடத்த நீ பாத்திருக்கவே மாட்டே!"

"ஆனா அங்க மராஷ் அண்ணன் வீடு இருக்கே," என்று அம்மா இழுத்தாள்.

மராஷ் மாமா அப்பாவின் அத்தை மகன். பெரிய உருவம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். லுகினாவின் கடைசி வீடு அவருடையது.

"முதல் நாள் கூடாரத்துல படுப்போம். மறுநாள் அவர் வீட்டுக்கு நாமளே போவோம்," என்றாள் ஏரா. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பிறகு வீடே இரண்டுபட்டது. லேக்கா தூங்கும் பைக்குள் புகுந்துகொண்டு புழுவைப்போல வீடு முழுக்க ஊர்ந்தான். அம்மா மிளகாய் ஊறுகாயை எடுத்து வைப்பதும், போதாதென்று இன்னொரு பாட்டிலை எடுத்து வைப்பதுமாக இருந்தாள். அப்பா குட்டி கேஸ் அடுப்பைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினார். ஏராவோ கூடாரத்துப் பையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அடிக்கடி அதைத் தட்டிக்கொடுத்து, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவன் லேக்கா.

ரொட்டி வாங்கி வரச்சொல்லி அவனைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பியிருந்தாள் அம்மா. "எதுக்குடா தம்பி இத்தன ரொட்டி?" என்று கடைக்கார அம்மா சும்மா கேட்டு வைத்தாள். உடனே லேக்கா குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் சொல்லக் கூடாது. நாங்க லுகினாவுல கூடாரம் போடப் போறோம்!" என்று சொல்லிவிட்டான். அந்தக் கடைக்கார அம்மா வேறு யாருமில்லை, மராஷ் மாமாவின் மனைவி டிலா அத்தையின் அக்காதான்.

வாங்கி வந்த ரொட்டியின் சூடு ஆறவில்லை. அதற்குள் தொலைபேசி அடித்தது.

"மச்சான்! சொகமா இருக்கியா? களைச்சுப் போயிட்டியா? பிள்ளைங்க சொகமா? வீட்ல எல்லாரும் சொகமா?" மராஷ் மாமாதான், மலைக்காரர் வழக்கப்படி வரிசையாக நலம் விசாரித்தார். ஃபோனை அப்பா காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் அந்தக் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "ஏதோ கூடாரமாமே? யாருக்கு? என் ஆட்டுக்கா?"

"இல்ல மச்சான், அது வந்து..."

"டிலா மெத்தைய எல்லாம் எடுத்து வெயில்ல போட்டுட்டா. சனிக்கிழமை மத்தியானம் ஃப்லியா அப்பம் சுடுறா. நேரா வீட்டுக்கு வந்து சேரு!"

"சரி மச்சான். சரி மச்சான். சரி மச்சான்," என்று சொல்லிவிட்டு அப்பா ஃபோனை வைத்தார்.

ஏராவின் கண்கள் நிறைந்துவிட்டன. "முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா!"

"எப்படிம்மா சொல்றது? மச்சானோட எதிர்வீட்டு ப்ரெக் எப்போ எப்போன்னு காத்துக்கிட்டு இருக்கான். 'மராஷ் வீட்ல எடமே இல்ல, சொந்தக்காரங்க புல்லுல கெடக்குறாங்க'ன்னு வருஷம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அப்புறம் உங்க மாமா ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியுமா?"

மராஷ் மாமாவை ஏராவுக்கு மிகவும் பிடிக்கும். கோவேறு கழுதைமேல் அவளை உட்காரவைத்து, கீழே விழாமல் பிடித்துக்கொண்டு ஊரையே சுற்றிக் காட்டியவர் அவர். அவரை நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆனால் கூடாரம்? அதையும் விட முடியாது!

லேக்கா மூலையில் போய் நின்றுகொண்டான். "நான் மெதுவாத்தான் சொன்னேன்," என்றான்.

ஏரா மேசையில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். "ஏம்ப்பா, அவர் சொன்னா நாம கேட்டே ஆகணுமா?"

"விருந்தாளின்னா வீட்டுக்காரர் பேச்சக் கேட்டுத்தாம்மா ஆகணும்."

"மராஷ் மாமா எங்கயும் விருந்தாளியாப் போகவே மாட்டாரா?"

"ஏன் போகாம? போனா அவருக்கும் அதே கதிதான். வாசல்ல நின்னு, 'வீட்டுக்காரரே, விருந்தாளிய ஏத்துக்குவீங்களா?'ன்னு கேட்டுட்டாரோ, முடிஞ்சுது. சிங்கமா வந்தவரும் பூனையாத்தான் உள்ள போகணும். உக்காருன்னா உக்காரணும், சாப்பிடுன்னா சாப்பிடணும்."

"கேக்காம நேரா உள்ள போயிட்டா?"

"மலைக்காரர் எவரும் அப்படிப் போக மாட்டார். உங்க மாமா தூக்கத்துல நடந்து போனாக்கூட வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் போவாரு."

ஏரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேசையில் மாவுப் படம் இன்னும் பாதி அழியாமல் இருந்தது.

"அப்பா, மாமாவோட நெலம் எதுவரைக்கும்?"

"அவர் வீட்டுக்குப் பக்கத்துல ஓடுற ஓடை வரைக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பொது மேய்ச்சல் நெலம். அங்க யார் அடுப்பு மூட்டுறாங்களோ, அன்னைக்கு அது அவங்க வீடு. எதுக்குக் கேக்குற?"

ஏரா எழுந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, நம்ம காபிப் பாத்திரம் எங்க? அந்த நீளப் பிடி வெச்சது."

"அது எதுக்குடி? டிலா வீட்ல இல்லாத பாத்திரமா?"

"நம்மளோடதுதான் வேணும். அப்புறம் கம்பளமும் வேணும். உப்பும் வேணும்."

அப்பா மாவுப் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மீண்டும் மாவுப் படத்தைப் பார்த்தார்.

"ஏரா, இது நடக்கலேன்னா மச்சான் என் தோல உரிச்சுத் தொங்க விட்டுருவாரு," என்றார். ஆனால் அவருடைய முகம் லேக்காவின் முகத்தைப்போலக் குறும்பாக மலர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் வெகு சீக்கிரம் கிளம்பினார்கள். வழியில் காபிக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் அப்பா கண்ணை இறுக மூடிக்கொள்ளாத குறையாகக் கையசைத்துவிட்டு ஓட்டினார். சாலை வளைந்து வளைந்து ஏறியது. லேக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தான். பிறகு பசிக்கிறது என்றான்.

லுகினா வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகப் பாறை மலைகள் தலைக்கு மேல் நின்றன. கீழே பச்சைப் புல்வெளி. நடுவில் ஓடை சலசலத்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் மராஷ் மாமாவின் கல்வீடு. வேலிமேல் வண்ண வண்ணமாக மெத்தைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் ஏரா இருக்கையில் குனிந்துகொண்டாள்.

"பின்பக்கமா போங்கப்பா," என்று மெல்லச் சொன்னாள்.

கார் மரப்பாலத்தைத் தாண்டிப் புல்வெளியில் போய் நின்றது.

கூடாரம் முதல்முறையாகப் பையை விட்டு வெளியே வந்தது. கம்பிகளை எங்கே செருகுவது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் படுத்தது. லேக்கா உள்ளே மாட்டிக்கொண்டு, "இருட்டா இருக்கு! ரொம்ப நல்லா இருக்கு!" என்று கத்தினான். கடைசியில் எப்படியோ அது எழுந்து நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏரா உள்ளே கம்பளத்தை விரித்தாள். நடுவில் ஒரு துணி, அதன்மேல் ரொட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு. கூடாரத்துக்கு முன்னால் அடுப்பை மூட்டிக் காபிப் பாத்திரத்தை வைத்தாள். எல்லோருடைய செருப்பையும் வாசலில் வரிசையாக அடுக்கினாள்.

லொள்! லொள்! லொள்!

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து முர்கோ குரைத்தது. முர்கோ மராஷ் மாமாவின் ஆட்டுநாய். கன்றுக்குட்டி அளவு இருக்கும். அதன் பின்னால் பாலத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு மராஷ் மாமா வந்தார். தூரத்திலிருந்தே முகம் சிவந்திருப்பது தெரிந்தது.

அப்பா சட்டென்று காருக்குப் பின்னால் போய், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். அம்மாவும் லேக்காவும் அவருக்குத் துணையாகப் போனார்கள். ஏரா கூடாரத்துக்குள் நுழைந்து வாசல் துணியை இழுத்து மூடினாள். மாமா கேட்பாரா? கேட்காமல் துணியை விலக்கிவிட்டால்?

தடதடவென்று காலடிச் சத்தம் நெருங்கியது.

"பாஷ்கிம்! ஊர் சிரிக்கிறதுக்கா வந்தே? எங்கேடா இருக்க?"

துணிக்கு வெளியே பெரிய நிழல் விழுந்தது. நிழல் கையைத் தூக்கியது.

நிழலின் கை அப்படியே நின்றது. எதிரே மூடிய வாசல். வாசலில் வரிசையாகச் செருப்புகள். அடுப்பில் காபி வாசனை. சின்ன வயதிலிருந்து மராஷ் மாமா எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறார். ஒரு வாசலுக்குள்ளும் குரல் கொடுக்காமல் போனதில்லை. அவர் யோசிப்பதற்கு முன்பே கால்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தன. தொண்டை தானாகவே கனைத்துக்கொண்டது.

"ஓ வீட்டுக்காரரே! விருந்தாளிய ஏத்துக்குவீங்களா?"

"ரொட்டி இருக்கு, உப்பு இருக்கு, மனசு இருக்கு! உள்ள வாங்க!" மலை வீட்டுக்காரர்கள் சொல்லும் பதிலை உள்ளேயிருந்து ஏரா ஒரே மூச்சில் கத்தினாள்.

வெளியே முர்கோ குரைப்பதை நிறுத்திவிட்டது.

"அட!" என்றார் மராஷ் மாமா.

ஏரா துணியை விலக்கினாள். "வாங்க மாமா. சொகமா இருக்கீங்களா? களைச்சுப் போயிட்டீங்களா? அத்தை சொகமா? ஆடெல்லாம் சொகமா?"

"ஆடெல்லாம் சொகந்தான். இந்தா பாரு, நான் உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் மாமா. விருந்தாளி முதல்ல உக்காரணும்."

மராஷ் மாமா, காருக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த அப்பாவை முறைத்தார். வேறு வழியில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அந்தப் பூட்ஸுக்குள் லேக்காவே ஒளிந்துகொள்ளலாம். பிறகு பூனையைப்போல உள்ளே நுழைந்தார்.

இருப்பதிலேயே நல்ல இடத்தில், தலையணை போட்டு அவரை உட்காரவைத்தாள் ஏரா. அவர் தலை கூடாரத்தின் கூரையை முட்டியது. ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுக் கொடுத்தாள். பிறகு காபி கொண்டுவந்தாள். பாதி காபி பொங்கி அடுப்பில் போய்விட்டிருந்தது. மீதிப் பாதியில் முக்கால்வாசி தூள்தான்.

மராஷ் மாமா ஒரு வாய் குடித்தார். அவர் மீசை ஒரு முறை துடித்தது. ஆனால் விருந்தாளி குறை சொல்ல முடியுமா?

"உன் கை நல்லா இருக்கணும், வீட்டுக்காரி," என்றார்.

"இன்னொரு காபி?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று அவசரமாகச் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் லேக்காவும் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. எதிர்வீட்டு ப்ரெக்தான். வேலிமேல் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார்.

"ஓய் மராஷ்! என்னப்பா இது? சொந்தக்காரங்க புல்லுல கெடக்குறாங்க? உன் வீட்ல எடமில்லன்னா சொல்லு, என் வீட்டுக்கு அனுப்பு!"

மராஷ் மாமாவின் கழுத்து சிவந்தது. ஏரா அவர் கையைத் தொட்டாள்.

"மாமா, இது என் வீடு. நீங்க என்னோட முதல் விருந்தாளி. முதல்ல உங்களத்தான் கூப்பிட்டேன், அவரக் கூப்பிடல."

மராஷ் மாமா அவளைப் பார்த்தார். மீசைக்கு அடியில் மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பிக் காதுவரை போனது. அவர் தலையைக் கூடாரத்துக்கு வெளியே நீட்டினார்.

"ஓய் ப்ரெக்! நான் விருந்துக்கு வந்திருக்கேன்! ஏராவோட வீட்டுக்கு! முதல் விருந்தாளி நான்தான்! உன்னையக் கூப்பிட்டாங்களா? இல்லியே! போ, உன் வேலையப் பாரு!"

ப்ரெக் வேலியை விட்டு நிமிர்ந்தார். பிறகு வீட்டுக்குள் போனவர், பெரிய பாலாடைக்கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் வந்தார். கூடாரத்துக்கு முன் நின்று, தொண்டையைக் கனைத்து, பணிவாகக் கேட்டார்.

"ஓ வீட்டுக்காரி! விருந்தாளிய ஏத்துக்குவீங்களா?"

"ரொட்டி இருக்கு, உப்பு இருக்கு, மனசு இருக்கு!" என்று இந்தத் தடவை லேக்காவும் சேர்ந்து கத்தினான்.

கடைசியாக டிலா அத்தை, அடுக்கடுக்காகச் சுட்ட ஃப்லியா அப்பத்தைத் தட்டோடு தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள். "இவரு கூட்டிட்டு வரப் போனாரா, தங்கிடப் போனாரா?" என்று திட்டிக்கொண்டே வந்தவள், வாசலில் நின்று முறைப்படி கேட்டுவிட்டுத்தான் நுழைந்தாள். அதற்கு மேல் கூடாரத்தில் எறும்பு நுழையக்கூட இடமில்லை. அப்பத்தில் தேனும் வெண்ணெயும் வழிந்தன. சிரித்த சிரிப்பில் கூடாரம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது எல்லோரும் எழுந்தார்கள். வீட்டுக்காரி என்றால் விருந்தாளியை வழியனுப்ப வேண்டும் அல்லவா? ஏரா பாலம்வரை கூடவே நடந்தாள்.

பாலத்தில் மராஷ் மாமா திரும்பி நின்றார். "நாளைக்கு நீ என் வீட்டு விருந்தாளி. நான் போடுறத எல்லாம் வாயத் தொறக்காம சாப்பிடணும். காபியும் நான்தான் போடுவேன். தெரிஞ்சுதா?"

"சரி மாமா. சரி மாமா. சரி மாமா," என்றாள் ஏரா, அப்பாவைப்போலவே. அவர் மலையே அதிரும்படி சிரித்துக்கொண்டு போனார்.

கூடாரத்தில் நான்கு பேரும் நெருக்கியடித்துப் படுத்தார்கள். மலையிலிருந்து காற்று இறங்கி வந்தது. பச்சைத் துணியில் படபடவென்று மோதியது. ஏரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் நினைத்ததைவிட அது நன்றாக இருந்தது.

"அக்கா," என்று லேக்கா அவள் கையைப் பிடித்தான். "வெளியில யாரோ நிக்கிறாங்க."

நிலா வெளிச்சத்தில் வாசல் துணியில் ஒரு பெரிய நிழல் தெரிந்தது. நிழலுக்கு வால் இருந்தது. மூக்கால் துணியை ஒரு முறை முட்டிவிட்டு, அது பொறுமையாகக் காத்திருந்தது.

ஏரா எழுந்து வாசலைத் திறந்தாள்.

"ரொட்டி இருக்கு, உப்பு இருக்கு, மனசு இருக்கு," என்றாள். "உள்ள வா, முர்கோ."